பைபாஸுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள், நகையை அடகு வைக்கலாமா?

வட மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வயது 36, ஷூ கம்பெனியில் தையல் வேலை. அப்பாவுக்கு 62 வயது, கொத்தனாராக இருந்தவர், ஒன்பது வருடமாகச் சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் மாத்திரை வாங்கிவந்தார். "கவர்மென்ட் மாத்திரைக்குப் பவர் கிடையாது" என்று யாரோ சொல்ல, இரண்டு வருடத்துக்கு முன் அதை நிறுத்திவிட்டு மெடிக்கல் ஷாப்பில் வாங்க ஆரம்பித்தார். கையில் காசு இருந்த மாதம் வாங்கினார், இல்லாத மாதம் விட்டுவிட்டார்.

போன மாதம் நெஞ்சு வலி. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆஞ்சியோ எடுத்ததில் மூன்று குழாய்களிலும் அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும் என்று சொல்லி, ஐந்து வாரம் கழித்துத் தேதி கொடுத்திருக்கிறார்கள். பயந்துபோய் நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் விசாரித்திருக்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லும், ஆனால் "நல்ல மெட்டீரியல்" போட மேற்கொண்டு 85,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றார்களாம். கணவர் ஏழு பவுனை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். இதற்கிடையில் வாசகியின் தம்பி சுகாதார நிலையத்துக்குப் போய், மதியம் டாக்டர் இல்லாததைப் பார்த்துச் சத்தம் போட்டு, அங்கிருந்த நர்ஸை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டிருக்கிறார். "இந்த ஆஸ்பத்திரிகளை மூடிவிட்டு எல்லாருக்கும் கார்டு கொடுத்துவிட்டால் என்ன?" என்பது தம்பியின் கேள்வி. ஐந்து வாரம் காத்திருப்பதா, நகையை வைப்பதா, யார் மேல் புகார் கொடுப்பது, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்பவை வாசகியின் கேள்விகள்.

சகோதரி, நான் முப்பது வருடம் அரசு மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். பாதிக் காலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில், மீதி தாலுகா மருத்துவமனையில். அதனால் என் பேச்சில் கொஞ்சம் ஒருபக்கச் சாய்வு இருக்கலாம், அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

முதலில் அந்த ஐந்து வாரம்

"தேதி தள்ளிக் கொடுத்தார்கள் என்றால் அக்கறை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. பைபாஸுக்குத் தியேட்டரும் சர்ஜனும் மட்டும் இருந்தால் போதாது. மயக்க மருத்துவர், இதய-நுரையீரல் இயந்திரத்தை ஓட்டுகிறவர், அதற்குப் பிறகு ஐ.சி.யூ.வில் ஒரு படுக்கை, அந்தப் படுக்கைக்கென்று ஒரு நர்ஸ், எல்லாம் ஒரே நாளில் அமைய வேண்டும். அரசு மருத்துவமனையில் வரிசை நீள்வதற்கு இவற்றில் ஏதாவது ஒன்று குறைவதுதான் வழக்கமான காரணம். வரிசையிலும் எல்லாரும் ஒரே மாதிரி நிற்பதில்லை, ஆபத்து அதிகமானவரை முன்னால் எடுத்துவிடுவார்கள். அப்பாவுக்கு ஐந்து வாரம் என்று போட்டிருக்கிறார்கள் என்றால், இப்போதைக்கு அவர் தாங்குவார் என்று ஒரு மருத்துவர் கணக்குப் போட்டிருக்கிறார் என்று பொருள்.

அந்தக் கணக்கு சரியா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அடுத்த முறை போகும்போது இதயப் பிரிவில் இரண்டு விஷயம் கேளுங்கள். இடது பக்கத்து முதன்மைக் குழாயில், அவர்கள் 'லெஃப்ட் மெயின்' என்பார்கள், அடைப்பு இருக்கிறதா? எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் எவ்வளவு? லெஃப்ட் மெயினில் கடுமையான அடைப்பு என்றாலோ, பம்பிங் ரொம்பக் குறைவு என்றாலோ, தேதியை முன்னால் கொண்டுவரச் சொல்லி வாதாடலாம். அங்கே முடியாது என்றால் ஆஞ்சியோ சி.டி.யோடு சென்னைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஓமந்தூரார் வளாகத்துப் பன்னோக்கு மருத்துவமனை, 2023 ஜூனில் கிண்டியில் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை மூன்றிலும் இதய அறுவைப் பிரிவு உண்டு. எங்கே முன்னதாக இடம் கிடைக்கும் என்று கேட்பதில் தவறே இல்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, வேர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ அந்தத் தேதி செல்லாது. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருப்பார்கள், அவரை உட்கார வைத்து அதைக் கொடுங்கள், ஐந்து நிமிடத்தில் வலி அடங்கவில்லை என்றால் 108. பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப் போக வேண்டாம்.

இந்த ஐந்து வாரம் வீணும் இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் நெஞ்செலும்பைத் திறந்தால் புண் ஆறாது, சீழ் வைக்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எவ்வளவு என்று உங்கள் கடிதத்தில் இல்லை. எடுக்கவில்லை என்றால் எடுக்கச் சொல்லுங்கள். ரத்தம் கொடுக்க நான்கு பேரை இப்போதே பேசி வையுங்கள். ரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரையை ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். அதை அவர்கள் சொல்லும் நாளில்தான் நிறுத்த வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது.

'நல்ல மெட்டீரியல்' என்கிற 85 ஆயிரம்

இங்கேதான் உங்கள் மேல் எனக்குச் சின்னக் கோபம். பைபாஸில் என்ன மெட்டீரியல் போடுவார்கள் என்று அவர்களிடம் கேட்டீர்களா? அப்பாவின் காலிலிருந்து எடுக்கும் சிரை, அவர் நெஞ்சுக்குள் இருக்கும் தமனி, இந்த இரண்டையும் வைத்துத்தான் அடைப்பைச் சுற்றிப் புதுப் பாதை போடுகிறார்கள். அதில் இம்போர்ட்டட், லோக்கல் என்று வகை கிடையாது. அடைப்பை விரித்து வைக்கும் ஸ்டென்ட் போடுவதாக இருந்தாலாவது இந்தப் பேச்சுக்கு ஒரு சாக்கு இருக்கும். அதற்கும் 2017 பிப்ரவரியிலிருந்து மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்திருக்கிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் மொத்தமாக ஒரு தொகை உண்டு. படுக்கை, பரிசோதனை, மருந்து, ஆபரேஷன், சாப்பாடு எல்லாம் அதற்குள் அடக்கம். ஒப்புதல் கிடைத்த சிகிச்சைக்கு மேற்கொண்டு பணம் கேட்பது திட்டத்தின் விதிக்கு விரோதம். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லுங்கள், கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் திட்டத்தின் மாவட்ட அலுவலரிடமும் எழுதிக் கொடுங்கள். பணத்தைக் கட்டியே தீர வேண்டிய நிலை என்றால் பில் கேளுங்கள். பில் தர மாட்டோம் என்றால் அது எந்த மாதிரிப் பணம் என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

கார்டு தனியார் மருத்துவமனைக்கு மட்டும்தான் என்று நினைத்திருக்கிறீர்கள். அரசு மருத்துவமனையிலும் அது செல்லும், அங்கே அதைக் கட்டாயம் பதியச் சொல்லுங்கள். அப்பாவுக்கு எப்படியும் இலவசம்தானே, எதற்குப் பதிய வேண்டும் என்று தோன்றும். பதிந்தால் காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனைக்கு வருகிறது. ஒரு பகுதி கருவி, மருந்து, பராமரிப்புக்குப் போகிறது, ஒரு பகுதி அந்த ஆபரேஷனில் வேலை செய்த டாக்டர், நர்ஸ், ஊழியர்களுக்கு ஊக்கத்தொகையாகப் போகிறது. பதியாமல் விட்டால் அத்தனை செலவும் மருத்துவமனையின் பட்ஜெட் தலையில்தான் விழும். கார்டு இன்னும் எடுக்காதவர்கள் இதைப் படித்தால்: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வி.ஏ.ஓ. சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றோடும் கலெக்டர் அலுவலகத்து மையத்துக்குப் போங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு.

ஆகவே நகை பீரோவிலேயே இருக்கட்டும். லெஃப்ட் மெயின் கேள்விக்கு வரும் பதில் மோசமாக இருந்து, எந்த அரசு மருத்துவமனையிலும் முன்னதாக இடம் கிடைக்காவிட்டால், திட்டத்தில் இருக்கும் வேறு தனியார் மருத்துவமனைக்குப் போகலாம். அங்கேயும் கார்டுக்கு மேல் ஒரு ரூபாய் இல்லை என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பவர் இல்லாத மாத்திரை

இந்த நம்பிக்கையோடு மல்லுக்கட்டியே என் சர்வீஸ் கழிந்தது. அரசு மாத்திரைகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்குகிறது. 1994-ல் தொடங்கியது, அடுத்த வருடத்திலிருந்து மருத்துவமனைகளுக்கு அனுப்பிவருகிறது. இந்தியாவின் பல மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போய் இதே மாதிரி தொடங்கியிருக்கின்றன. டெண்டரில் குறைந்த விலைக்கு வாங்குவார்கள். ஆனால் மாவட்டக் கிடங்குக்கு வரும் ஒவ்வொரு பேட்சும் பரிசோதனைக் கூடத்தில் தேறிய பிறகுதான் வெளியே போகும். மெடிக்கல் ஷாப்பில் நீங்கள் வாங்கும் அட்டைக்கு அப்படி பேட்ச் பேட்சாக யார் சோதித்தார்கள்? டெண்டர் எடுத்த கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் அளவும் மாறும். போன மாதம் வெள்ளை, இந்த மாதம் வேறு நிறம் என்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். சர்க்கரை மாத்திரை அட்டையில் மெட்ஃபார்மின் 500 என்று இருக்கிறதா என்று பாருங்கள், அது இருந்தால் மருந்து அதேதான்.

அப்பாவுக்கு மாத்திரையில் பவர் குறையவில்லை. விட்டு விட்டுச் சாப்பிட்டதில்தான் பவர் போனது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, மாதா மாதம் காசு கொடுத்து வாங்குகிற எவருக்கும் ஒரு மாதம் இடிக்கும்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு, வெளியே அதிகம் தெரியாது. ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் கழகத்தில் ஒரு பாஸ்புக் இருக்கிறது. இந்த வருடம் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் வரவு வைப்பார்கள். போன வருடம் எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு செலவானது என்பதைப் பார்த்துத்தான் அந்தத் தொகை. உங்கள் ஊரில் அப்பா மாதிரி இருநூறு பேர் வருவதை நிறுத்தினால் அடுத்த வருடம் பாஸ்புக் இளைக்கும், மாத்திரை பத்து நாளுக்குத்தான் வரும், அதைப் பார்த்து இன்னும் ஐம்பது பேர் நிற்பார்கள். நான் இருந்த ஒரு ஊரில் இப்படித்தான் ஓ.பி. குறைந்தது. "இங்கே எதற்கு இரண்டு டாக்டர்?" என்று மேலிடத்தில் கேட்டார்கள், என்னோடு இருந்தவரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மூன்று மாதம் கழித்து ஊர்க்காரர்கள் என்னிடம் வந்து, டாக்டர் எங்கே என்று சண்டை போட்டார்கள்.

தம்பியின் கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. அந்தக் கார்டு படுக்கையில் சேர்த்த பிறகு, பட்டியலில் இருக்கும் சிகிச்சைக்குத்தான் பணம் தரும். ஒன்பது வருடச் சர்க்கரை மாத்திரைக்குத் தராது. குழந்தைக்குத் தடுப்பூசி போடாது. ராத்திரி பாம்பு கடித்தால் மூன்று கிலோமீட்டரில் விஷமுறிவு மருந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காது. குழாய் அடைத்த பிறகு கார்டு வரும். அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டிய இடம் அந்தச் சுகாதார நிலையம். அதை மூடினால் இன்னும் நிறையப் பேர் கார்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள், அவ்வளவுதான்.

அந்த டாக்டர் எங்கே போனார்

முன்பு இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள், இப்போது ஒருவர்தான், அவரும் வாரத்தில் இரண்டு நாள் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மட்டம் போடுகிற டாக்டர்கள் உண்டு, மறைக்க மாட்டேன். டூட்டி முடிந்த பிறகு சொந்த கிளினிக் நடத்த இங்கே அனுமதி உண்டு, டூட்டி நேரத்திலேயே அதை நடத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் வாரம் தவறாமல் இரண்டு நாள் வருவதில்லை என்றால் அது டெபுடேஷனாகவே இருக்கும். பக்கத்து நிலையத்தில் ஆள் இல்லாமல் இவரை அங்கேயும் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். இரண்டாவது டாக்டர் மேற்படிப்புக்குப் போயிருக்கலாம், அது மூன்று வருடம். மகப்பேறு விடுப்பாக இருக்கலாம். இடம் தாளில் நிரம்பியிருக்கும், நாற்காலி காலியாக இருக்கும். 2012-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வந்த பிறகு ஆள் எடுப்பது முன்பைவிட வேகமாக நடக்கிறது. இருந்தாலும் விடுப்பில் போனவரின் இடத்துக்கு அன்றே ஆள் வருவதில்லை.

தம்பி வீடியோ எடுத்த நர்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015-ல் அந்த வாரியம் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் ஆயிரக்கணக்கான நர்ஸ்களை எடுத்தது. இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்பது பேச்சு. பலர் அதற்காக வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. மதியம் டாக்டர் இல்லாத நேரத்தில் பிரசவ வார்டையும் அவசர நோயாளியையும் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம்தான் உங்கள் தம்பி கத்தியிருக்கிறார். அந்த வீடியோவை அழித்துவிடச் சொல்லுங்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவது, மிரட்டுவது, வேலைக்கு இடைஞ்சல் செய்வது குறித்துத் தமிழ்நாட்டில் 2008-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது, வழக்குப் போட்டால் ஜாமீன் கிடைப்பதும் கஷ்டம். அப்பா ஆபரேஷனுக்குப் போகிற வாரத்தில் தம்பி ஸ்டேஷனில் உட்கார வேண்டுமா?

புகாரை எங்கே கொடுப்பது

பாதிப் புகார்கள் வீணாவதற்குக் காரணம், தவறான வாசலில் கொடுப்பது. ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின் கீழ் வருகிறது. முதலில் வட்டார மருத்துவ அலுவலர், அவருக்கு மேல் மாவட்ட சுகாதார அலுவலர், முன்பு துணை இயக்குநர் என்று இருந்த பதவி. தாலுகா, மாவட்டத் தலைமை மருத்துவமனை என்றால் இணை இயக்குநர், மருத்துவப் பணிகள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு டீன். மூன்றும் மூன்று இயக்ககம். டீனிடம் ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றிச் சொன்னால் அவர் தலையை மட்டும்தான் ஆட்டுவார். சுகாதார உதவி எண் 104-க்கும் முதல்வரின் உதவி மைய எண் 1100-க்கும் பேசலாம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்தால் கையில் ஒரு ரசீது கிடைக்கும்.

இவற்றோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட சுகாதார அலுவலர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். டாக்டர் ஏன் வருவதில்லை என்று கேட்காதீர்கள், 'ஏன்' என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. இப்படிக் கேளுங்கள்: இந்த நிலையத்துக்கு அனுமதித்த மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் இடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை? கடந்த ஆறு மாதத்தில் எந்தெந்தத் தேதியில் டெபுடேஷன் உத்தரவு, அதன் நகல்? மாதவாரி ஓ.பி. எண்ணிக்கை? 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. அந்தத் தாளை வைத்துக்கொண்டு அடுத்த கிராம சபையில் இரண்டாவது டாக்டர் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். மருத்துவம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மத்திய அரசின் சுகாதார இயக்கத்திலிருந்து வருகிற பணத்திலும் 60-க்கு 40 என்று மாநிலம் தன் பங்கைப் போடுகிறது. 2017 தேசிய சுகாதாரக் கொள்கையோ, மாநிலங்கள் பட்ஜெட்டில் 8 சதவீதத்துக்கு மேல் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்று சொல்கிறது. எனவே உங்கள் எம்.எல்.ஏ.விடம் இந்தத் தாளைக் காட்டுவது சரியான இடத்தில் தட்டுவதுதான்.

நுகர்வோர் கோர்ட் இதற்கு உதவாது. எல்லாருக்கும் எல்லாமே இலவசமாகத் தரும் மருத்துவமனை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் சொல்லிவிட்டது. 85,000 கேட்ட தனியார் மருத்துவமனை மேல் வேண்டுமானால் போகலாம். ஆனால் அவசர நிலையில் அரசு மருத்துவமனை திருப்பி அனுப்பினால் விஷயம் வேறு. 1992-ல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் ஷேக் என்ற தொழிலாளியைக் கல்கத்தா அரசு மருத்துவமனைகள் ஒன்று மாற்றி ஒன்றாக அனுப்பிவிட்டன. கடைசியில் தனியாரில் காசு கட்டிப் பிழைத்தார். 1996-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. உயிர் காக்கும் சிகிச்சையை மறுப்பது உயிர் வாழும் உரிமையைத் தரும் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவை மீறுவது, நிதி இல்லை என்று அரசு தப்பிக்க முடியாது என்றும் சொன்னது. அப்பாவுக்கு ராத்திரி வலி வந்து யாராவது "இங்கே இடமில்லை, வேறு எங்காவது போங்கள்" என்றால், அதை ஓ.பி. சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னாலே பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும்.

ஒன்று பாக்கி. ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் ஆயுள் முழுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டின் நகலை உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கொடுத்து, மக்களைத் தேடி மருத்துவம் பட்டியலில் அப்பாவின் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம், சர்க்கரை, பி.பி. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். மூன்று கிலோமீட்டர் போக வேண்டியதில்லை.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், "தேதி சொன்னதிலிருந்து அப்பா டீக்கடையிலேயே உட்கார்ந்து பீடி மேல் பீடியாகப் பிடிக்கிறார், நாங்களும் பாவம் என்று விட்டுவிட்டோம்" என்று ஒரு வரி இருக்கிறது. விடாதீர்கள். இன்றைக்கே நிறுத்த வேண்டும். சர்ஜன் கேட்கும்போது நிறுத்திவிட்டேன் என்று பொய் சொல்லலாம், வென்டிலேட்டரைக் கழற்றுகிற அன்று நுரையீரல் காட்டிக் கொடுத்துவிடும்.